கால்மாட்டில் நின்ற நாள்

அந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிற எந்தக் குழந்தையும் பெற்றவளை நன்றாகப் பார்ப்பதற்கு முன்னால் போட்டோக்காவைப் பார்த்தாக வேண்டும். கொஞ்சுகிற முகம் அல்ல அது. மங்கின வெளிச்சத்தில் முகமூடி போட்டுக்கொண்டு, சின்னக் கம்பி வளையத்தால் இமையை விலக்கி, டார்ச் விளக்கு மாதிரி ஒரு கேமராவைக் கண்மேல் வைத்து, கண்ணின் உள்சுவரைப் படம் எடுத்துவிட்டுப் போகிற முகம். பிள்ளைகள் வீறிட்டு அழும். அவள் "முடிஞ்சுது ராஜா, முடிஞ்சுது" என்று முடியாதபோதே சொல்லிக்கொண்டிருப்பாள்.

போட்டோ அக்கா என்று நர்ஸுகள் கூப்பிடத் தொடங்கி, அவசரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு போட்டோக்கா ஆகிவிட்டது. கண் டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். சம்பளச் சீட்டில் மட்டும் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைப் படித்தால் யாரோ என்று அவளுக்கே தோன்றும். பதினோரு வருஷமாக இதே வேலை. வேலையில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கொஞ்சமா?" என்றுதான் கேட்பாள்.

பிறந்த குழந்தையின் கண்ணுக்குள் ரத்தம் என்றால் கேட்கிறவர்கள் பயந்துபோவார்கள். போட்டோக்காவுக்கு அது அன்றாடச் சமாசாரம். பிறக்கும்போது தலை படுகிற நெரிசலில், கண்ணுக்குள் நூல் நூலாக ஓடும் ரத்தக் குழாய்கள் கசிந்துவிடும். நாலு குழந்தையில் ஒன்றுக்காவது அப்படி இருக்கும். தலையில் கப் வைத்து உறிஞ்சி எடுத்த குழந்தை என்றால் இன்னும் அதிகம். வெளியே ஒன்றும் தெரியாது, கண் பளிச்சென்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதத்தில், வந்த சுவடு தெரியாமல் தானே போய்விடும். சொட்டு மருந்துகூட வேண்டாம். பதறுகிற அம்மாக்களிடம், "நீங்க பட்ட பாடு அவனும் பட்டிருக்கான், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்த ஆண் குழந்தைக்கு வயது ஐந்து வாரம். கப் வைத்து எடுத்த குழந்தைதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டைக் கையில் கிரீஸ். அம்மா தையல் போட்ட இடம் இன்னும் ஆறாததால் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பிள்ளை தூங்க விட்டால்தானே.

பிறந்த மறுநாள் எடுத்த படத்தில் வலது கண்ணில் ஏழெட்டு ரத்தத் திட்டுகள் இருந்தன. நடுப்பார்வைக்குப் பக்கத்தில் ஒன்று கொஞ்சம் பெரியது. இடது கண் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். நடுவில் இருப்பது கரைய நாளாகும், கரைந்துவிட்டதா என்று பார்த்துவிடுவோம் என்றுதான் டாக்டர் ஐந்து வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

இப்போது எடுத்த படத்தில் வலது கண் முழுக்கச் சுத்தமாகிவிட்டிருந்தது. ஆனால் இடது கண்ணில், நடுப்பார்வையை ஒட்டி, சிவப்பாக ஒரு திட்டு உட்கார்ந்திருந்தது.

கண் டாக்டர் படம் பார்க்கும்போது பேனா மூடியைக் கடிப்பவர். போட்டோக்காவைவிடப் பத்து வயது சின்னவர். அன்று கடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, அவளைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டார்.

"போட்டோக்கா, பிறந்தப்ப எடுத்த படத்துல வலது இடது மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பதினோரு வருஷம் டாக்டர். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிள்ளைங்க. என் கையில வலது இடதா மாறாது. சந்தேகமா இருந்தா நரம்பு வட்டத்தைப் பாருங்களேன்."

அந்த வட்டம் ஒரு நல்ல சாட்சி. கண்ணின் உள்சுவரில் நரம்பு நுழைகிற இடம் வெளிறிய வட்டமாகத் தெரியும். அது எப்போதும் மூக்குப் பக்கம்தான் இருக்கும். ஆகவே வலது கண் படத்தில் அது வலப்பக்கம், இடது கண் படத்தில் இடப்பக்கம். டாக்டர் பழைய படத்தைத் திறந்து பார்த்தார். வலது என்று எழுதியிருந்த படத்தில் வட்டம் வலப்பக்கம்தான் இருந்தது.

"சரி. அப்ப நீங்க உறுதி செஞ்சதா எழுதிடறேன். ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டாள். கோபத்தில் போட்ட கையெழுத்து, காகிதத்தின் மறுபக்கம்வரை அழுந்தியது.

டாக்டர் உள்ளே போய் இரண்டு படங்களையும் அவர்களுக்குக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார். ரத்தத் திட்டைப் பார்த்து அதன் வயசை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிறந்தபோது இந்தக் கண் சுத்தமாக இருந்திருக்கிறது. ஐந்து வாரக் குழந்தைக்குப் புதிதாக ரத்தம் கசிந்தால், ரத்தம் உறைவதில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும், இல்லை தலையில் அடிபட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் யாராவது பிள்ளையைப் பிடித்து வேகமாகக் குலுக்கியிருக்க வேண்டும்.

"எங்கயாவது விழுந்தானா?"

"இல்ல டாக்டர்," என்றாள் அம்மா.

"வீட்ல யார் யார் பாத்துக்கறீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான். வேற ஆள் இல்ல." சொல்லிவிட்டு, தான் சொன்னதன் பொருள் அவளுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "டாக்டர், இவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. பிள்ளையத் தூக்கவே பயப்படுவார். கழுத்து நிக்கலையேன்னு ரெண்டு கையாலயும் ஏந்திட்டு நிப்பார். இவர் பண்ணியிருக்க மாட்டார்."

மெக்கானிக் கிரீஸ் படிந்த கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் விதிமுறை என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் மாற்ற முடியாது. குழந்தையை மூன்றாம் மாடி வார்டில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் தலை ஸ்கேனுக்கும் எழுதினார்கள். குழந்தை நல அலுவலருக்குத் தகவல் போனது. திங்கட்கிழமை கூட்டம் கூடி, பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, இவர்களிடமிருந்து பிரித்து வேறு இடத்தில் வைப்பதா என்று முடிவு செய்யும். அதுவரை அம்மாவும் சரி அப்பாவும் சரி, பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. கட்டில் பக்கத்தில் எந்நேரமும் ஒரு நர்ஸ் இருப்பாள்.

வீட்டுக்கு வந்த போட்டோக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைத் தேய்த்தாள். தேய்த்த அடுப்பை மறுபடி தேய்த்தாள். நேற்றுத்தான் மாற்றிய தலையணை உறைகளைக் கழற்றி ஊறப் போட்டாள். பாவம் அந்தக் குழந்தை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் பாவம் என்று நினைத்தால் மனசு கனக்கும், இப்படிக் குறுகுறுக்காது. அந்தக் குறுகுறுப்பு எங்கேயிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. காகிதத்தில் அழுந்தின கையெழுத்து மட்டும் கண்முன் வந்து வந்து போனது.

"என்ன, இன்னிக்கு வீட்டையே கழுவிக் கவுத்துடுவ போலிருக்கே," என்றார் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். நாள் முழுக்க அடுத்தவர்கள் மிதிக்கிற பிரேக்குக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதால், வீட்டில் எதற்கும் பதறுவதில்லை என்று முடிவு செய்தவர்.

"உங்க வேலையப் பாருங்க."

"என் வேலை சும்மா இருக்கிறது. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அவருக்கு வலது கண் இமையில் கட்டி வந்து நாலு நாளாகிறது. காலையிலும் மாலையிலும் சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. சனிக்கிழமை காலை, வழக்கம்போலக் கட்டிலின் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றாள். அவர் தூக்கத்திலேயே, "விடு" என்று முகத்தைக் காட்டினார். விட்டாள்.

"ஏய், இது நல்ல கண்ணும்மா."

"எது?"

"நீ விட்டது. கட்டி இந்தப் பக்கம் இருக்கு." ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "ஃபேன் காத்து முகத்துல அடிக்குதுன்னு ராத்திரி திரும்பிப் படுத்தேன். கால்மாட்டுல தலை வச்சுப் படுத்திருக்கேன், அதுகூடத் தெரியல உனக்கு. இடது எது வலது எதுன்னு ஊருக்கே நான் சொல்லித் தர்றேன், என் பொண்டாட்டிக்கு முதல்ல ஒரு கிளாஸ் எடுக்கணும்."

போட்டோக்கா சிரிக்கவில்லை. மருந்துக் குப்பியை மூடாமல் கையில் பிடித்தபடி நின்றாள். எப்போதும் தன் கைக்கு எந்தப் பக்கம் இருக்குமோ அந்தக் கண்ணில்தான் விட்டிருக்கிறாள். கண்ணை அவள் பார்க்கவே இல்லை. கைதான் பார்த்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால், அந்தக் குழந்தை பிறந்த சமயம், ஒரு நாள் படம் எடுக்கிற அறையின் கூரை ஒழுகியது. அன்று ஒரே ஒரு நாள் எல்லாவற்றையும் பால் கொடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே குழந்தையைக் கிடத்துகிற மேசை சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. தலைமாட்டில் சுவர், ஆக்ஸிஜன் குழாய். ஆள் நிற்க இடமில்லை. அன்றைக்கு அவள் கால்மாட்டில் நின்றாள்.

"உக்காரு, என்னாச்சு? ஒரு சொட்டு மருந்துக்கு இவ்வளவு முழிக்கிற?" என்றார் கணவர்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்."

"இன்னிக்கு உனக்கு லீவாச்சே."

அவள் செருப்பை மாட்டினாள். பஸ் ஸ்டாப் வரை போய்த்தான், ஒரு கையில் இன்னும் மருந்துக் குப்பி இருப்பதைப் பார்த்தாள்.

அவள் எப்போதும் குழந்தையின் தலைமாட்டில் நிற்பவள். அங்கே நின்றால் குழந்தையின் வலது கண் அவளுடைய வலதுகைப் பக்கம் இருக்கும். முதலில் அது, பிறகு மற்றது. கால்மாட்டில் நின்றால் எல்லாம் நேர் எதிர். வலதுகைப் பக்கம் இருப்பது குழந்தையின் இடது கண். அவள் கை பழக்கப்படி முதலில் அதை எடுத்து, வலது என்று போட்டிருக்கும். அதோடு விட்டிருந்தால் நரம்பு வட்டம் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் கேமராவின் ஒயர் தன் மார்புப் பக்கம் தொங்கும்படி பிடிப்பது அவள் வழக்கம். கால்மாட்டில் நின்றும் அப்படியே பிடித்தால் படம் தலைகீழாக விழும். தலைகீழாக விழுந்த இடது கண், வட்டத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக வலது கண் மாதிரியே இருக்கும். ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டது. அவளும் டாக்டரும் அந்த மூடியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். வழியில் ஒரு யோசனை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் திங்கட்கிழமை கூட்டத்தில் எப்படியும் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துப் பேர், அது பாட்டுக்கு இருக்கும். இரண்டு ஸ்டாப் தாண்டும்வரை அந்த யோசனை அவளோடு நின்றுகொண்டு வந்தது. மூன்றாவது ஸ்டாப்பில், தையல் வலியோடு ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு "இவர் பண்ணியிருக்க மாட்டார்" என்ற அந்தப் பெண்ணின் முகம் வந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

படம் எடுக்கிற அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்தத் தேதி. ஏழு குழந்தைகள். இடம் என்கிற கட்டத்தில் ஏழிலும் பால் கொடுக்கும் அறை என்று அவளே அடித்திருந்தாள். அந்தக் குழந்தையின் பழைய வலது கண் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். நேற்று எடுத்த இடது கண் படத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கிளை பிரிகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு, கண்ணுக்குக் கண் வேறு. கைரேகை மாதிரி. மேலே போகிற குழாய் மூன்றாகப் பிரிந்தது, இரண்டு படத்திலும். அதில் நடுக்கிளை ஒரு கொக்கி போட்டு வளைந்தது, இரண்டு படத்திலும். பெரிய திட்டு அதே கொக்கிக்குக் கீழே, அதே இடத்தில், இப்போது பாதியாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. புது ரத்தம் எதுவும் இல்லை. பிறந்த அன்று வந்த ரத்தம்தான், கரைய நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டரை அணைக்காமலேயே டாக்டரைத் தேடி ஓடினாள்.

டாக்டர் புற நோயாளிகள் பிரிவில் இருந்தார். அடுத்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவளோடு வந்தார். படங்களைப் பார்த்தார். பேனா மூடியால் திரையில் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு எண்ணினார். இருமுறை எண்ணினார்.

"மத்த ஆறு குழந்தைங்க?"

"ஆறு பேருக்கும் ரெண்டு கண்ணும் சுத்தம். மாறியிருந்தாலும் ஒண்ணும் இல்ல. நல்ல காலம்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "நேத்து நீங்க கேட்டீங்களே டாக்டர். நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்துச்சு."

"நானும்தான் பாத்தேன். நானும்தான் கையெழுத்துப் போட்டேன்." அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் காலையிலயே வந்துடுச்சு, ஒரு குறையும் இல்ல. நான் எழுத வேண்டியதை எழுதறேன். உங்களைப் பத்தியும் எழுதணும்."

"எழுதுங்க. முதல்ல மேல போலாம்."

மூன்றாம் மாடிக்குப் படியேறியே போனார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை.

வார்டுக்கு வெளியே சின்ன அறையில் குழந்தை நல அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் அடையாள அட்டை, முன்னால் ஃபைல். டாக்டரைப் பார்த்ததும், "நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றார். "அப்பா ஒத்துக்கிட்டார்."

"எதை?"

"குலுக்கினதை. காலையில எட்டு மணிக்கு அவரே வந்து எழுதிக் குடுத்தார்."

காகிதத்தை டாக்டர் வாங்கிப் படிக்க, போட்டோக்கா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். புதன்கிழமை ராத்திரி பிள்ளை ரொம்ப நேரம் அழுதான், தாங்க முடியாமல் தோளைப் பிடித்துக் குலுக்கினேன், என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. கீழே தேதி, கையெழுத்து. கையெழுத்துக்கும் கீழே இன்னொரு முறை எழுதியிருந்தான்: அவளுக்கு எதுவும் தெரியாது.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கேட்டேன். அழுது தீர்த்துடுச்சு. இவர் பொய் சொல்றார், புதன்கிழமை ராத்திரி பூரா நான்தான் முழிச்சிருந்தேன், பிள்ளையை மடியை விட்டு இறக்கலன்னு சொல்லுது. புருஷனைக் காப்பாத்தப் பாக்குது, வேறென்ன. நான் இந்த மாதிரி நூறு பேரைப் பாத்திருக்கேன்."

"மேடம், ரெண்டு பேரையும் கூப்பிடுங்க," என்றாள் போட்டோக்கா. "டாக்டர் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

அவர்கள் வந்தார்கள். அம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு, பின்னாலேயே காவலுக்கு நர்ஸ். மெக்கானிக் கதவோரமாகவே நின்றுவிட்டான். நேற்றைய அதே சட்டை. ஒரு நாளில் ஆள் இளைக்க முடியுமா என்றால், அவன் இளைத்திருந்தான்.

போட்டோக்கா மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான அம்மாக்களுக்குப் படம் காட்டிப் பேசியவளுக்கு அன்று முதல் வாக்கியம் வரவில்லை. பிறகு எப்படியோ வந்தது. கூரை ஒழுகியது, மேசை சுவரோடு ஒட்டியிருந்தது, தலைமாட்டில் நிற்க வேண்டியவள் கால்மாட்டில் நின்றது, எல்லாம் சொன்னாள். படத்தைத் திருப்பிக் காட்டினாள். கிளை கிளையாகத் தொட்டுக் காட்டினாள்.

"பிறந்தப்ப வந்த ரத்தம் இந்தக் கண்ணுலதான் இருந்திருக்கு. நான் மாத்தி எழுதிட்டேன். புதுசா ஒண்ணுமே இல்ல. பிள்ளையை யாரும் ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது. நேத்து டாக்டர் கேட்டப்பகூட இல்லன்னு சாதிச்சேன். என்னை மன்னிச்சுடுங்கம்மா."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் திட்டவில்லை. படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"அப்ப பார்வைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது," என்றார் டாக்டர். "பாதி கரைஞ்சுடுச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல மிச்சமும் போயிடும். ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

"நான் சொன்னேன்ல," என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அழுகையும் சிரிப்புமாக முகம் கோணியது. "உங்க மேல தப்பு இருக்காதுன்னு நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

மெக்கானிக் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சந்தோஷத்தின் சாயல்கூட இல்லை. போட்டோக்காவுக்கு அது விளங்கவில்லை. அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தாள்.

அலுவலர் ஃபைலிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். அவருக்குக் கணக்குத் தீரவில்லை. "அப்புறம் இதை ஏன் எழுதிக் குடுத்தீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

"பயந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப செய்யாததைச் செஞ்சேன்னு ஒரு மனுஷன் எதுக்கு எழுதுவான்? உங்களைப் பிள்ளைகிட்ட அண்டவே விட்டிருக்க மாட்டாங்க, தெரியுமா?"

"தெரியும்." அவன் மடிக்கணினியைக் காட்டினான். "படம் தப்பு சொல்லாதுன்னு நினைச்சேன் மேடம். வீட்ல ரெண்டே பேர்தான். நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்."

அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தின இடத்துக்கு மற்றவர்கள் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் வந்து சேர்ந்தது போட்டோக்கா. அவள் மடிக்கணினியை மூடினாள். டாக்டர் தரையைப் பார்த்தார். அலுவலர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பெண்ணுக்குத்தான் கடைசியில் புரிந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு, போக வழி தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தீங்க," என்றாள் மெதுவாக. "ஓய்ஞ்சு போயிருக்கேனேன்னு பாக்கறீங்கன்னு நினைச்சேன்."

"இல்லம்மா, நீ தூங்கவே இல்ல, அன்னிக்கு ஒரு நாள் உக்காந்து அழுதுக்கிட்டிருந்த, அதனால... உன்னைக் காப்பாத்தணும்னுதான் எழுதினேன்."

"எதுலேர்ந்து?"

அவன் மறுபடி கையைத் தொடையில் துடைத்தான். போட்டோக்காவுக்குக் குறுக்கே பேச வேண்டும் போலிருந்தது. படம் அப்படிச் சொல்லிச்சும்மா, அவர் என்ன பண்ணுவார், படத்தை நான்தான் அப்படி எடுத்தேன் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அந்தப் பெண்ணும் அதே படத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டும் புருஷன்மேல் ஒரு சொல் வர விடவில்லை. அதற்கு மேல் போட்டோக்காவிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. யாராவது தன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அலுவலர் இரண்டு மூன்று காகிதங்களில் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை கூட்டம் தேவைப்படாது என்றார். நர்ஸ் போய்ப் பிள்ளையின் துணிப்பையைக் கொண்டுவந்து நாற்காலிமேல் வைத்தாள்.

"நாங்க வீட்டுக்குப் போலாமா டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தாராளமா போலாம்மா."

மெக்கானிக் கதவோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தான். பிள்ளையை வாங்கிக்கொள்ள, கழுத்து நிற்காத பிள்ளைக்கு நீட்டுவது போல, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். அவள் நாற்காலியிலிருந்த துணிப்பையை எடுத்து அந்தக் கைகளில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.